மெட்டு தெரியாத நாட்கள்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் நடத்திய வாத்தியார் வருடத்துக்கு நான்கு பருவம் என்று சொல்லிக்கொடுத்தார். வசந்தம், கோடை, இலையுதிர், பனி. அதில் மூன்றை எப்படியோ எங்கள் போடிக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டோம். இலையுதிர் காலம் மட்டும் எந்த மாதத்திலும் உட்காரவில்லை. எங்கள் அடிவாரக் காட்டில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். வெளிநாட்டுக்காரன் இலையுதிர் என்று சொல்லும் ஐப்பசியிலோ, பாறை இடுக்கில்கூடப் பச்சை முளைத்து நிற்கும்.

பிற்பாடுதான் தெரிந்தது, நம் முன்னோர் வருடத்தை ஆறாகப் பிரித்து, ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் சேர்த்துக் கூதிர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று. தொல்காப்பியம் மலையும் மலை சார்ந்த குறிஞ்சி நிலத்துக்குரிய பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் சொல்கிறது. போடியில் எழுபது வருடம் இருந்தவர் யாரைக் கேட்டாலும் இது எவ்வளவு சரியான கணக்கு என்று சொல்லிவிடுவார். மற்ற மாதங்களில் மலை எங்களுக்கு ஒரு பின்னணி, அவ்வளவுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே மேற்கே திரும்பி, மெட்டு தெரிகிறதா என்று பார்ப்போம்.

மெட்டு என்றால் போடிமெட்டு. ஊரிலிருந்து பார்த்தால் மலைச்சுவரின் உச்சியில் கேரளத்துக்கு வாசல் வைத்த மாதிரி இருக்கும் இடம். முந்தல் தாண்டினால் ஏற்றம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. போடியைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குக் குறையாமல் குளிர் கூடும் என்பது பொதுக்கணக்கு. ஐப்பசி மூட்டத்தில் காற்றும் ஈரமும் சேர்ந்துகொண்டால், உடம்புக்கு அது பத்துக்கு மேல் தெரியும். கீழே வேட்டி சட்டையோடு பஸ் ஏறியவர், மேலே இறங்கியதும் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டுவார்.

இந்த ஊரின் வானிலையைப் புரிந்துகொள்ள அந்தச் சுவரைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடலிலிருந்து வருகிற தென்மேற்குப் பருவமழை முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கமே இறங்கிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, தேவிகுளம் எல்லாம் நனைந்து ஊறிக்கொண்டிருக்கும்போது, போடிக்கு வருவது காற்றும் சாரலும்தான். ஆடி மாதத்தில் மேல்காற்று கூரை ஓட்டைத் தூக்கும், காயப்போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் தேட வேண்டியிருக்கும். மழை மட்டும் வராது. மலை முகட்டில் கருமேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கரைந்துபோவதை நாங்கள் இங்கிருந்து வேடிக்கை பார்ப்போம். பந்தி அந்தப் பக்கம், வாசனை இந்தப் பக்கம்.

புரட்டாசி கடைசியில் அந்தக் காற்று திடீரென்று நின்றுவிடும். ஒரு வாரம், பத்து நாள், இலை அசையாது. புழுக்கம் தாங்காது. தட்டான்கள் தாழ்வாகப் பறக்கும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறும். பிறகு ஒரு நாள் சாயங்காலம் கிழக்கிலிருந்து ஒரு குளிர்ந்த காற்று மெதுவாக வந்து கழுத்தில் படும். "வாடை திரும்பிருச்சு" என்பார்கள் திண்ணையில் இருப்பவர்கள். தமிழில் நாலு திசைக்காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. எங்கள் ஊர்ப் பேச்சில் கொண்டல் என்கிற சொல் தேய்ந்துவிட்டது. கிழக்கிலிருந்து வந்தாலும் வடக்கிலிருந்து வந்தாலும் வாடைதான். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாள் அக்டோபர் 20ஐ ஒட்டி. மாநிலத்துக்கு வருடம் முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது.

காற்று திரும்பினால் சுவரின் வேலையும் திரும்பிவிடும். இதுவரை மழையைத் தடுத்த மலை, இப்போது கிழக்கிலிருந்து வரும் மேகத்தைப் பிடித்து நிறுத்தி எங்கள் பக்கம் பிழிந்துவிடும்.

ஐப்பசியின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். விடியற்காலை வானம் பளிச்சென்று இருக்கும். முகட்டில் உள்ள மரங்களை எண்ணிவிடலாம். முந்தின இரவு பெய்த மழையில் புதிதாகப் பிறந்த ஓடைகள் மலைமேல் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். ஒன்பது, பத்து மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பஞ்சு பஞ்சாக மேகம் ஏறத் தொடங்கும். பன்னிரண்டு மணிக்கு மெட்டு மறையும். இரண்டு மணிக்குக் குரங்கணிப் பக்கம் ஒரு முழக்கம். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடுவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டு ஓயும். பிறகு ஈசல், தவளைச் சத்தம், ஈர மண் வாசனை, தெருமுனைக் கடையில் ஏலக்காய் டீ. இதையே மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் துலாவர்ஷம் என்கிறார்கள். நமது ஐப்பசிதான் அவர்களுக்குத் துலாம்.

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால் இந்த ஒழுங்கெல்லாம் இருக்காது. காலை, மாலை என்ற பேச்சே கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரே மூட்டம், இரவும் பகலும் நூல் பிடித்த மாதிரி மழை. அடைமழை என்பது அதுதான். மெட்டு நாலு நாளைக்குத் தெரியாது. கொட்டக்குடி ஆறு செந்நிறமாகப் பெருகி, அணைப்பிள்ளையார் தடுப்பணையில் விழுகிற சத்தம் தூரத்திலேயே கேட்கும்.

என் தங்கை மகன் இரண்டு வருடம் சீனாவில் சியாமென் என்ற கடற்கரை ஊரில் வேலை பார்த்தான். ஒரு ஐப்பசியில், இங்கே நாங்கள் துணி காயாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, போனில் கூப்பிட்டான். "மாமா, இங்க வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு. மழையே இல்ல. வேர்வை இல்ல. சாயங்காலம் கடற்கரையில காத்து சும்மா ஜம்முனு வீசுது. வருசத்துலயே இதுதான் நல்ல காலம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். ஒரே மாதம், ஒரே பூமி. அங்கே வெயில் காயும் நல்ல காலம், இங்கே குடை.

இதைப் பற்றி அப்போது கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கோடை முடிந்ததும் ஆசியாவின் உள்நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த கனமான காற்று அங்கிருந்து கடலை நோக்கி இறங்குகிறது. சீனக் கடற்கரைக்கு அது நிலத்திலிருந்து நேரே வருவதால் ஈரமில்லாத காற்று. அதனால் தெளிந்த வானம். நமக்கு வருகிற வடகிழக்குக் காற்றும் அதே குடும்பம்தான். ஆனால் நம்மிடம் வருவதற்குள் வங்கக்கடலைத் தாண்டி, ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. பாய்மரக் காலத்தில் சீனக் கப்பல்கள் தெற்கே இறங்கியதும் இந்தக் காற்றைப் பிடித்துத்தான். திரும்பிப் போக தென்மேற்குக் காற்றுக்குக் காத்திருந்தார்கள். சியாமெனுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் வியாபாரிகள் அங்கே சிவன் கோயில் வைத்திருந்திருக்கிறார்கள். காற்று போன வழியில் மனிதரும் போயிருக்கிறார்கள்.

மருமகன் சொன்ன நல்ல காலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது என் அம்மா. அம்மாவுக்கு ஐப்பசி, கார்த்திகை நல்ல காலமா கெட்ட காலமா என்று அவருக்கே கடைசி வரை தெரியவில்லை.

அதைச் சொல்ல ஏலக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடியை ஏலக்காய் நகரம் என்பார்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கேயும் அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. விளைவது மேலே, விற்பது கீழே. ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. அடித்தட்டையிலிருந்து மண்ணோடு படர்கிற சரத்தில் பூ, பிஞ்சு, காய் எல்லாம் ஒன்றாக இருக்கும். முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு சுற்று எடுத்தால் முப்பது நாற்பது நாள் கழித்து அடுத்த சுற்று. ஆவணி வாக்கில் ஆரம்பித்து தை, மாசி வரை போகும் இந்த எடுப்பில் காய் அதிகம் வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான். அதாவது, மழை சரியாகப் பிடித்துக்கொள்ளும் நாளில்.

எடுக்கிற பெண்கள் செடியின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும். தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்குத் தட்டை வளைந்து நிற்கும். அதற்கும் மேலே சோலை மரங்கள். மழை நின்று ஒரு மணி நேரம் ஆனாலும் இலைக்கு இலை சொட்டிக்கொண்டே இருக்கும். சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ மடித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொள்வார்கள். காலில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொள்வார்கள். தேய்த்தாலும் ஏறும். பச்சைக் காய் அன்றைக்கே ஸ்டோருக்குப் போக வேண்டும். ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில், ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க மெதுவாக உலர்த்தினால்தான் நிறம் நிற்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். நிறம் போனால் விலை போச்சு.

அப்பாவுக்கு இளைப்பு. வாடை திரும்பியதும் நெஞ்சு கட்டிக்கொள்ளும். கார்த்திகை முடியும் வரை வேலைக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் வீட்டுக்கு வருமானம் அம்மாவின் காய் எடுப்புக் கூலி மட்டும்தான். இப்போது மாதிரி தினமும் ஜீப்பில் ஏறி இறங்குவது அப்போது எங்கள் தெருவில் குறைவு. ஒரு தரம் ஏறினால் வாரம் முழுக்க மேலேயே தங்கி, வேலைக்காரர்களுக்கான லயத்தில் பொங்கித் தின்றுவிட்டு வருவார்கள்.

1977இல் எனக்கு வயது பதினேழு. தீபாவளி கழிந்த கையோடு, துணிக்கடைப் பாக்கி நினைவில் இருக்க, அம்மா தெருப் பெண்கள் எட்டுப் பேரோடு மேலே ஏறிவிட்டார். மறுநாள் நவம்பர் 12. நாகப்பட்டினம் பக்கம் புயல் கரை கடந்தது என்று பக்கத்து வீட்டு ரேடியோவில் சொன்னார்கள். நாகப்பட்டினம் எங்கே, போடி எங்கே, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற ஊருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் புயல் கடற்கரையோடு ஓயவில்லை. தமிழ்நாட்டைக் குறுக்காகக் கடந்து மேற்கே போனது. திண்டுக்கல் பக்கம் கொடகனாறு அணை உடைந்தது அந்த மழையில்தான்.

எங்களுக்கு அன்று சாயங்காலமே மலை காணாமல் போய்விட்டது. மேகம் அடிவாரம் வரை இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது. இரவு முழுக்க ஆற்றின் சத்தம். பாறை உருளும்போது கட்டை வண்டி ஓடுவது போல ஒரு ஒலி வரும், அது சத்தத்துக்குள் சத்தமாகக் கேட்கும். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் இளைப்பு அதிகமாகும் என்பது ஒன்று. படுக்க மனம் வரவில்லை என்பது இன்னொன்று. மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது, வண்டி எதுவும் வரவில்லை என்று மறுநாள் செய்தி வந்தது. போன் கிடையாது. மேலே யாருக்கு என்ன ஆனது என்று சொல்ல ஆள் இல்லை. எட்டு வீட்டுக்காரர்களும் முந்தல் வரை போய் நின்றோம், மேலே பார்த்தோம். பார்க்க வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்தோம்.

நாலாம் நாள் மத்தியானம் நடந்தே வந்து சேர்ந்தார்கள். சரிந்த மண்ணின் மேல் ஏறி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பதினேழு வளைவையும் கால்நடையாக இறங்கியிருக்கிறார்கள். அம்மாவின் சேலையில் புகையும் ஏலக்காயும் கலந்த வாசனை. கணுக்காலில் அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் உறைந்திருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்தார். ஒரு நாள் கூலி இருந்தது. காய் எடுக்காத நாளுக்குக் கூலி இல்லை என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"மழை பெஞ்சா கூலி இல்ல. பெய்யலேன்னா அடுத்த வருசம் காயே இல்ல. இதுல எதக் குடுன்னு சாமிகிட்ட கேக்குறது?" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. உலை வைத்துக்கொண்டே, அரிசி இருக்கிறதா என்று பானையைப் பார்த்தபடி சொன்னார்.

பிறகு பல வருடம் கழித்து, வேளாண்மை படித்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். ஏலச்செடிக்கு ஒரே தடவை கொட்டுகிற மழை உதவாது. ஐப்பசி மழை மண்ணில் இறங்கினால்தான் மார்கழி தொடங்கி சித்திரை வரை நீளும் வறட்சியைச் செடி தாங்கும். கோடையில் நடுநடுவே ஒரு மழை வேண்டும். அப்போதுதான் சரம் நீளும், பூ நிற்கும். அளவுக்கு மீறினால் அழுகல் வரும். அவர் அரை மணி நேரம் சொன்னதன் சாரம், அம்மா அடுப்படியில் சொன்ன இரண்டு வரிதான்.

2018இல் இதையெல்லாம் ஒரே வருடத்தில் பார்த்தோம். ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி பூக்கிற வருடம் அது. மூணாறு மலை நீலமாக மாறியபோது, பார்க்க வருவதற்குப் பாதைகளே சரியாக இல்லை. நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதன் ஆரம்பம் தாய்லாந்து வளைகுடாவில் தோன்றிய ஒரு சின்னத் தாழ்வு நிலை. அங்கிருந்து கிளம்பி, வங்கக்கடலில் வலுத்து, டெல்டாவின் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டு, திண்டுக்கல் வழியாக மேற்கே நகர்ந்து கேரளத்தைக் கடந்து அரபிக்கடலில் இறங்கியது. அடுத்த வருடக் கோடையில் மழை பொய்த்தது. வெள்ளத்தில் தப்பிய செடி வறட்சியில் காய்ந்தது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஊரே அதைப் பேசியது. காய் இருந்தவருக்கு அது நல்ல விலை. காய் எடுப்பவருக்கு, எடுக்கக் காய் இல்லாத வருடம்.

இப்போது விடிகாலை நாலரை மணிக்கே எங்கள் தெருமுனையில் ஜீப் வந்து நிற்கிறது. பெண்கள் தூக்குவாளியும் கொங்காணியுமாக ஏறுகிறார்கள். மேலே தோட்டங்களில் வடமாநிலத்துத் தொழிலாளர்களும் நிறைய வந்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. மழை மேகம் எங்கே நிற்கிறது என்று அதிலேயே படம் பார்க்கலாம். ஆனாலும் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை மேற்கே திரும்பிப் பார்க்கிற பழக்கம் யாரையும் விடவில்லை. இருட்டில் முகடு கறுப்புக் கோடாகத் தெரிந்தால் ஏறுகிறார்கள். நட்சத்திரமும் தெரியாமல், மலையும் தெரியாமல் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "என்ன மதினி, போவமா?" "போகாம? குழுவுக்குப் பணம் கட்டணும்ல." பிறகு அன்றைக்கும் ஏறுகிறார்கள்.

என் கண்ணுக்கு அடைமழை குறைந்துவிட்டது. நாலு நாள் நூல் பிடித்த மாதிரி பெய்கிற மழையை இப்போது அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். பத்து நாள் வெயில் அடித்துவிட்டு, இரண்டே மணி நேரத்தில் தெரு முழங்கால் ஆழம் ஓடுகிறது. மெதுவாகப் பெய்தால் மலை குடிக்கும், மொத்தமாகக் கொட்டினால் மலை கரையும். போடிமெட்டுப் பாதையில் பாறை விழுந்து போக்குவரத்து நின்றது என்ற செய்தி இந்த மாதங்களில் வராத வருடம் இல்லை என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டது. கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்ற பழமொழியையும் இப்போது நம்பி ஒன்றும் காயப்போட முடிவதில்லை. மார்கழியிலும் நனைகிறது.

வெளியூர் நண்பர்கள் இந்தப் பருவத்தில் மலை பார்க்க வருவதாகச் சொன்னால் நான் சொல்வது இதுதான். காலையில் ஏறுங்கள், இரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். மெட்டு தெரியாத நாளில் ஏறாதீர்கள். உங்களுக்கு ஏறாமல் இருக்க முடியும். வழியில் புலியூத்துப் பக்கம் நிறுத்திக் கீழே பார்த்தால், மழை கழுவிய போடி, வயலும் தென்னையும் கண்மாயுமாக விரிந்து கிடக்கும். அந்த வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்தால் ஓரமாக நின்று வழிவிடுங்கள். காலையில் இருட்டோடு ஏறி நாள் முழுக்க நனைந்தவர்கள், மழைக்கு முன்னால் வீடு சேரப் பார்க்கிறார்கள்.